அரங்கேற்ற மேடையில் வெளிச்சம் கம்மியா? சின்ன கேமராவிலேயே தெளிவான போட்டோ எடுப்பது எப்படி?

அரங்கத்தின் விளக்குகள் அணைகின்றன. திரை விலகுகிறது. பல வருடங்களாக பரதம் கற்ற மகள், சலங்கை ஒலிக்க மேடைக்கு வருகிறாள். ஆறாவது வரிசையில் இருக்கும் அப்பா, கையில் இருக்கும் சின்ன கேமராவைத் தூக்கி கிளிக் செய்கிறார். பளிச்சென பிளாஷ் அடிக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்கிரீனில் பார்த்தால் முன்சீட்டுக்காரரின் பின்தலை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. மேடையில் மகள் ஒரு மங்கலான நிழல்.

அரங்கேற்றம் ஒரு முறைதான். ரீடேக் கிடையாது. பள்ளி ஆண்டு விழா, மார்கழி கச்சேரி, மேடை நாடகம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நல்ல படம் வேண்டும் என்றால் பெரிய கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா? அவசியம் இல்லை. பாக்கெட்டில் அடங்கும் காம்பாக்ட் கேமராவிலும் முடியும். ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுப்பது போல எடுக்கக் கூடாது. மேடையில் ஆடுபவர் எந்த நொடியில் அசையாமல் நிற்பார் என்று தெரிந்து, அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். மற்ற செட்டிங்ஸ் எல்லாம் அதற்குத் துணைதான்.

கண்ணுக்கு நல்லாத்தானே தெரியுது, கேமராவில் ஏன் மங்கல்?

இருட்டு அரங்கில் கண் பழகிவிடுகிறது. அதனால் மேடை பிரகாசமாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் பகல் வெயிலோடு ஒப்பிட்டால் மேடை வெளிச்சம் சில நூறு மடங்கு குறைவு.

வெளிச்சம் குறைந்தால் ஆட்டோ மோடில் இருக்கும் கேமரா, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். உதாரணத்துக்கு 1/15 நொடி. அந்த நேரத்துக்குள் ஆடுபவரின் கை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போய்விடும். போட்டோவில் கைக்குப் பதில் ஒரு புகைக்கோடுதான் வரும். படம் பிடிப்பவரின் கை நடுங்கினால் மொத்தப் படமும் ஷேக் ஆகிவிடும்.

இந்த இரண்டும் வேறு வேறு பிரச்சனைகள். கேமராவில் இருக்கும் ஸ்டெபிலைசர் வசதி, எடுப்பவரின் கை நடுக்கத்தை மட்டுமே சரி செய்யும். ஆடுபவரின் அசைவை அது நிறுத்தாது. ‘ஸ்டெபிலைசர் ஆன்லதானே இருக்கு, அப்புறம் ஏன் கலங்கி வருது?’ என்று பலரும் குழம்புவது இங்கேதான்.

பிளாஷ் போட்டால் என்ன?

முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான். தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தூரம் நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்கு. அதாவது 3 மீட்டரில் இருப்பவர் மீது விழும் வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் 12 மீட்டரில் இருப்பவரைச் சென்று சேரும். காம்பாக்ட் கேமராவின் குட்டி பிளாஷ் சில மீட்டர் தூரத்துக்கு மட்டுமே உதவும். அது மேடையை எட்டாது, முன்சீட்டுத் தலைகளைத்தான் எட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணைக் கூசும் ஒளி திடீரென அடித்தால் ஆடுபவரின் கவனம் சிதறும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அது ஆபத்தாகவும் முடியலாம். பிளாஷ் அடித்தால் மேடை விளக்குகளின் வண்ணமும் நிழலும் அடிபட்டுப் போகும் என்பது கூடுதல் நஷ்டம்.

பிளாஷை அணைத்தால் மட்டும் போதாது. ஃபோகஸ் செய்வதற்காக கேமராவின் முன்பக்கம் ஆரஞ்சு அல்லது பச்சை நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். மெனுவில் ‘ஏஎஃப் அசிஸ்ட்’ என்ற பெயரில் இருக்கும். அதையும் ஆஃப் செய்ய வேண்டும். பீப் சத்தம், ஷட்டர் சத்தம் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஸ்கிரீன் பிரைட்னஸையும் குறைத்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் நிம்மதியாகப் பார்ப்பார்.

எந்த காம்பாக்ட் கேமரா கை கொடுக்கும்?

மெகாபிக்சல் எத்தனை என்று பார்ப்பதை விட இரண்டு விஷயங்களைப் பார்ப்பது முக்கியம்.

முதலாவது, சென்சார் அளவு. சாதாரண பாக்கெட் கேமராக்களில் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம்தான். ‘ஒரு இன்ச் சென்சார்’ எனச் சொல்லப்படும் வகையில் 13.2 மில்லிமீட்டர் அகலம், 8.8 மில்லிமீட்டர் உயரம். பெயரில்தான் ஒரு இன்ச், நிஜத்தில் அவ்வளவு இல்லை. ஆனாலும் பரப்பளவில் இது நான்கு மடங்கு பெரியது. அந்த அளவுக்கு அதிக வெளிச்சம் சேரும்.

இரண்டாவது, லென்ஸின் அப்பர்ச்சர். எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் பெரிதாகத் திறக்கும், உள்ளே வெளிச்சம் அதிகம் வரும். இதில் ஒரு மறைமுகச் சிக்கல் இருக்கிறது. 2012-ல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100 கேமராவை எடுத்துக்கொள்ளலாம். ஜூம் செய்யாதபோது அதன் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். முழுதாக ஜூம் செய்தால் எஃப் 4.9 மட்டுமே. உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். ஜூம் செய்தவுடன் படம் கலங்குவதற்கு இதுதான் காரணம்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, கேனன் ஜி7 எக்ஸ் போன்ற மாடல்களில் ஜூம் முனையிலும் எஃப் 2.8 கிடைக்கும். மேடைக்கு இந்த வகைதான் வசதி. டிஜிட்டல் ஜூமை மட்டும் எந்த கேமராவிலும் தொட வேண்டாம். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அந்த வேலையை வீட்டுக்குப் போய் நிதானமாகச் செய்துகொள்ளலாம். 20 மெகாபிக்சல் படத்தில் பாதியை வெட்டினாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சின்ன பிரேம் போடவும் தாராளமாகப் போதும்.

எங்கே உட்காரணும்?

ஜூம் செய்தால் வெளிச்சம் குறையும் என்றால், பக்கத்தில் போய் உட்காருவதுதான் மலிவான வழி. ஆனால் முதல் வரிசை சரிப்படாது. மேடை உயரமாக இருப்பதால் கீழிருந்து மேல் நோக்கி எடுக்க வேண்டியிருக்கும். ஆடுபவரின் பாதம் மேடை விளிம்பில் மறைந்துவிடும். பரதத்தில் பாதம் இல்லாத படம் பாதிப் படம்தான்.

நான்காவது வரிசையில் இருந்து எட்டாவது வரிசைக்குள், நடைபாதையை ஒட்டிய சீட் நல்லது. முன்னால் தலை மறைக்காது, மேடையின் தரையும் தெரியும். டிரைபாட் வைத்தால் வழி அடைபடும், பெரும்பாலான அரங்குகளில் விடவும் மாட்டார்கள். அதற்குப் பதில் இரண்டு முழங்கைகளையும் சீட்டின் கைப்பிடியில் ஊன்றிக்கொள்ளலாம். கேமராவின் ஸ்டிராப்பைக் கழுத்தில் மாட்டி முன்பக்கம் இழுத்துப் பிடித்தால் ஆட்டம் நன்றாகக் குறையும்.

எந்த செட்டிங்ஸில் ஆரம்பிக்கலாம்?

ஒவ்வொரு அரங்கிலும் வெளிச்சம் மாறும். ஆனாலும் ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். ஒரு இன்ச் சென்சார் கேமராவில் ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, ஷட்டர் ஸ்பீடு 1/125 நொடி. இப்படி ஒரு படம் எடுத்துப் பார்த்து, இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 3200 ஆக்கலாம். எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு ஷட்டர் ஸ்பீடு என்பதற்கு ஒரு கணக்கு:

• உட்கார்ந்து பாடும் கச்சேரி: 1/60 முதல் 1/125 நொடி

• அபிநயம், வசனம் பேசும் நாடகக் காட்சி: 1/125 முதல் 1/160 நொடி

• வேகமான அடவு, குரூப் டான்ஸ்: 1/250 நொடி

• தாவிக் குதிக்கும் காட்சி: 1/500 நொடி

ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போல நாய்ஸ் வரும். அதற்குப் பயந்து ஷட்டர் ஸ்பீடைக் குறைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நாய்ஸை பிறகு ஓரளவு குறைக்க முடியும். ஷேக் ஆன படத்தைச் சரி செய்ய வழியே இல்லை. கேமராவில் ‘ரா’ ஃபார்மெட் இருந்தால் அதில் எடுப்பது நல்லது. வண்ணத்தையும் நாய்ஸையும் பின்னர் திருத்த அதிக இடம் கிடைக்கும்.

முகம் வெள்ளையாக வெளுத்துப் போவது ஏன்?

மேடையின் பின்னணி கறுப்புத் திரை. நடுவில் ஒருவர் மீது மட்டும் ஒளி. கேமரா மொத்தக் காட்சியையும் அளந்து பார்த்து, ‘ஐயோ, ரொம்ப இருட்டா இருக்கே’ என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரை சாம்பல் நிறமாகும். முகமோ வெள்ளைக் காகிதம் போல ஆகிவிடும். நெற்றிச்சுட்டியும் கண் மையும் காணாமல் போகும்.

பிளஸ், மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டனில் மைனஸ் 1 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கச் சொன்னதால், ஆட்டோவில் இருக்கும் கேமரா ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் அல்லது ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளைத் திரை பளபளக்கும் மேடையாக இருந்தால் கணக்கு தலைகீழ். அங்கே பிளஸ் பக்கம் போக வேண்டும்.

சிவப்பு அல்லது நீல எல்இடி விளக்கு மட்டும் எரியும்போது முகத்தில் விவரமே பதியாது. அந்தச் சில நொடிகளை விட்டுவிட்டு, வெள்ளை அல்லது மஞ்சள் ஒளி வரும் வரை காத்திருப்பது புத்திசாலித்தனம்.

நடனம் எப்போது நிற்கும்?

நடனம் என்றால் ஓயாத அசைவு என்று தோன்றும். ஆனால் பரதத்தில் அசைவுகளுக்கு நடுவே சிலை போல நிற்கும் நொடிகள் நிறையவே உண்டு. அந்த நொடியில் கிளிக் செய்தால் 1/125 நொடியே தாராளம். தப்பிவிட்டால் 1/500 வைத்தாலும் அழகான படம் கிடைக்காது.

அரங்கேற்றத்தில் பொதுவாக அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை இருக்கும். 19-ம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறை இது. படம் எடுப்பவருக்கு இந்த வரிசை ஒரு டைம்டேபிள் மாதிரி.

அலாரிப்பு: ஆடுபவர் மேடை நடுவில் நேராக நின்று கண், கழுத்து அசைவுகளோடு மெதுவாகத் தொடங்குவார். இடவலம் ஒரே சீராக இருக்கும். செட்டிங்ஸை சரிபார்த்துக்கொள்ள இதுதான் சரியான நேரம்.

ஜதிஸ்வரம்: அபிநயம் கிடையாது, முழுக்க அடவுகள். ஷட்டர் ஸ்பீடை 1/250 ஆக்கிவிடலாம்.

வர்ணம்: நிகழ்ச்சியிலேயே நீளமானது. அரை மணி நேரத்தைத் தாண்டிப் போகும். ஜதியும் அபிநயமும் மாறி மாறி வரும். நல்ல படங்கள் அதிகம் கிடைப்பது இங்கேதான். ஜதி முடியும் இடத்துக்குத் தீர்மானம் என்று பெயர். நட்டுவனார் சொல்லும் சொற்கட்டைக் காதால் கவனித்தால், முடிவு நெருங்கும்போது ஒரே கோர்வை பெரும்பாலும் மூன்று முறை திரும்ப வருவது தெரியும். முதல் முறை கேட்டதும் கேமராவைத் தூக்க வேண்டும். இரண்டாவது முறையில் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது முறை கடைசிச் சொல் தாளத்தில் வந்து விழும்போது ஆடுபவர் ஒரு நிலையில் வந்து நிற்பார். கிளிக் செய்ய வேண்டிய இடம் அதுதான்.

பதம்: கால் வேலை குறைவு, முகபாவம் அதிகம். ஜூம் செய்து முகத்தையும் கை முத்திரையையும் மட்டும் எடுக்கலாம். அசைவு குறைவு என்பதால் 1/100 நொடி போதும்.

தில்லானா: கடைசியில் வரும் வேகமான உருப்படி. இதிலும் சிற்பம் போன்ற நிலைகள் இடையிடையே வரும். வேகத்தைத் துரத்தி ஓடாமல் அந்த நிலைகளுக்காகக் காத்திருப்பது நல்லது.

காம்பாக்ட் கேமராவில் பட்டனை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் நடுவே சின்ன தாமதம் இருக்கும். முன்கூட்டியே பாதி அழுத்தி வைத்திருந்தால் அது வெகுவாகக் குறையும். தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் மோடில் மூன்று, நான்கு படங்கள் எடுத்தால் அதில் ஒன்றாவது ஷார்ப்பாக அமையும். ஒரே நிமிடத்தில் ஐம்பது படம் அமுக்க வேண்டாம். மெமரி கார்டில் எழுதி முடிக்கும் வரை கேமரா முடங்கி நிற்கும், நல்ல நிலை அதற்குள் போய்விடும்.

கச்சேரி மேடையில் என்ன சிக்கல்?

கச்சேரியில் அசைவு குறைவு. ஆனால் பாடகரின் முகத்துக்கு முன்னால் மைக் நிற்கும். நேர் எதிரே உட்கார்ந்தால் வாய் மறைந்துவிடும். நடுவில் இருந்து சற்று ஒதுங்கி உட்கார்ந்தால் முகம் தெளிவாகக் கிடைக்கும். பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் இருப்பது வழக்கம். பார்வையாளருக்கு இது இடம் வலமாக மாறித் தெரியும். யாரை முக்கியமாக எடுக்க வேண்டும் என்று தீர்மானித்து சீட்டைத் தேர்வு செய்யலாம்.

மிருதங்க வித்வானின் விரல்களுக்கு 1/250 நொடிகூடப் போதாமல் போகும். அங்கே முகம் ஷார்ப்பாக இருந்து விரல் மட்டும் லேசாகக் கலங்கினால் தப்பில்லை, வாசிப்பின் வேகம் படத்திலேயே தெரியும்.

படத்தில் பட்டை பட்டையாகக் கோடு வருதே?

அது கேமரா கோளாறு இல்லை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் அந்த மினுக்கல் பட்டைகளாகப் பதியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறலாம், அல்லது ஷட்டர் ஸ்பீடை 1/100 அல்லது 1/50 ஆக்கிப் பார்க்கலாம். வீடியோ எடுப்பவர்கள் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

யாரிடம் அனுமதி கேட்கணும்?

பல சபாக்களில் நிகழ்ச்சி தொடங்கும் முன்பே ‘போட்டோ, வீடியோ எடுக்க வேண்டாம்’ என அறிவிப்பார்கள். அப்படிச் சொன்னால் கேமராவைப் பையில் வைத்துவிட வேண்டியதுதான். அறிவிப்பு இல்லாவிட்டாலும் நிர்வாகிகளிடமோ குருவிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

வீடியோவுக்குச் சட்டமும் இருக்கிறது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு, மேடைக் கலைஞர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சி மீது தனி உரிமை தருகிறது. அந்த உரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். சொந்த உபயோகத்துக்காக ஒலி, வீடியோ பதிவு செய்வதற்கு 39-வது பிரிவு விலக்கு அளிக்கிறது. வீட்டில் போட்டுப் பார்ப்பது வேறு, கலைஞரைக் கேட்காமல் யூடியூபில் ஏற்றுவது வேறு. அரங்கேற்றத்தில் மகள் மட்டும் இல்லை, பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் மேடையில் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பழைய கேமராவும் போனும் உதவாதா?

பீரோவில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமராவிலும் முயற்சி செய்யலாம். மேனுவல் மோடு இல்லாவிட்டாலும் பிளாஷ் ஆஃப், மைனஸ் 1, ஜூம் இல்லை, நிற்கும் நொடியில் கிளிக் என்ற நான்கு விதிகள் போதும். ஐஎஸ்ஓ 800-க்கு மேல் போனால் சின்ன சென்சாரில் நாய்ஸ் அதிகமாகும்.

போனில் நைட் மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. கோபுரம், கட்டடம் போல அசையாதவற்றுக்கு அது அருமை. ஆடுபவருக்கு அது ஒத்துவராது. நைட் மோடை ஆஃப் செய்து, புரோ மோடில் ஷட்டர் ஸ்பீடை நாமே வைத்துக்கொள்ளலாம்.

மேடை ஒத்திகையைத் தவறவிடாதீங்க

பலருக்கும் தோன்றாத ஒரு வழி இருக்கிறது. அரங்கேற்றத்துக்கு முன்பு அதே மேடையில், அதே விளக்குகளோடு ஒத்திகை நடந்தால் குருவிடம் கேட்டு அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளலாம். பார்வையாளர்கள் இருக்க மாட்டார்கள். பக்கத்தில் போகலாம், இடம் மாறி மாறி நிற்கலாம். எந்தத் தீர்மானம் எந்த நிலையில் முடிகிறது என்பதும் மனதில் பதிந்துவிடும்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

• பேட்டரி முழு சார்ஜ், கூடுதலாக ஒன்று

• காலி மெமரி கார்டு

• பிளாஷ், ஃபோகஸ் விளக்கு, பீப் சத்தம் ஆஃப்

• டிஜிட்டல் ஜூம் ஆஃப், ஸ்டெபிலைசர் ஆன்

• ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, ஷட்டர் 1/125 என முன்பே செட்

• அரங்க நிர்வாகத்திடம் அனுமதி

வர்ணத்தில் இரண்டு தீர்மானம், பதத்தில் ஒரு முகபாவம், தில்லானாவில் ஒரு நிலை, மங்களத்தின் கடைசி வணக்கம். இந்த ஐந்து படங்கள் ஷார்ப்பாகக் கிடைத்தாலே ஆல்பத்துக்குப் போதும். அது கிடைத்ததும் கேமராவை மடியில் வைத்துவிட்டு மீதி நேரம் மகளின் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். மேடையில் இருந்து அவள் தேடும்போது, அப்பாவின் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைந்திருக்கக் கூடாதே!